மூன்றடியும் ஏழடியும்

என் தங்கை நியூ ஜேர்சியில் வாழ்கின்றாள். அவள் மகன் அங்கே ஒரு பள்ளிக்கூடத்திற் படிக்கின்றான், வயசு பதினாறு. சென்ற ஆண்டு ஐப்பசியில் நான் அங்குப் போய் இறங்கியபோது மருமகனின் வலக்கை கழுத்திலே கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. தோளருகே காறையெலும்பு முறிந்திருந்தது.

"விளையாட்டாம், அண்ணை," என்றாள் தங்கை. "உவன்ரை சிநேகிதன் ஒருத்தன் இடப்பக்கத்திலை காவலுக்கு நிண்டவன். அவன் விட்டிட்டான். அவங்கள் வந்து விழுத்திப் போட்டாங்கள். உந்த விளையாட்டு வேண்டாமெண்டு நீங்கள் ஒருக்காச் சொல்லுங்கோ."

புத்தி சொல்லுதல் என் தொழில். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆயத்தமானேன். மருமகன் முந்திக்கொண்டான்.

"அவன்ரை பிழை இல்லை, மாமா. நான்தான் பந்தை வைச்சுக்கொண்டு நிண்டனான்."

தன் பிழையைத் தானே எடுத்துச் சொல்லும் மாணவனை வகுப்பிலே காண்பது அரிது. முப்பது வருஷத்தில் நான் கண்டவர்களை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம். ஆகவே புத்தியை ஒத்திவைத்து, "எவ்வளவு நேரம் நின்றாய்?" என்று கேட்டேன். அவன் இடக்கையாலே கடதாசியும் பென்சிலும் எடுத்தான். அன்று தொடங்கிய பாடம் மூன்று வாரம் நடந்தது. ஆசிரியன் அவன், மாணவன் நான். பழைய ஆட்டங்களின் படங்களை ஓடவிட்டும் நிறுத்தியும் அவன் காட்டினான். அப்படிக் கற்றதில் ஒரு பகுதியே இது.

அமெரிக்கர் இதற்கு உதைபந்தாட்டம் என்று பெயர் வைத்திருக்கின்றார்கள். காலால் உதைப்பது இதில் அருமை. இடுகுறி என்று கொண்டு அப்பாற் போகவேண்டியதுதான். ஆடுகளத்தின் நீளம் 100 யார். ஒரு பக்கத்துக்கு 11 பேர். பந்துடையாருக்கு நான்கு தடவை உண்டு. அந்த நான்கினுள் 10 யார் முன்னேறவேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு. இல்லையேற் பந்து மாற்றார் கைக்குப் போய்விடும். பந்தைச் சுமந்துகொண்டு ஓடலாம். முன்னோக்கி எறியவுஞ் செய்யலாம். எறிதல் ஆதியில் இருந்ததன்று. கூட்டங் கூட்டமாக முட்டி மோதியே முன்னேறிய காலம் ஒன்று இருந்தது. 1905ஆம் ஆண்டில் இளைஞர் பலர் அவ்வாறு மாண்டனர், நாடு கலங்கிற்று. அடுத்த ஆண்டிலே, 1906இல், முன்னோக்கி எறிதலை விதி ஒப்புக்கொண்டது. உயிர்களைக் காக்கவென்று வந்தது எறிதல். அது எறிகின்றவனை ஆபத்தில் நிறுத்திவிட்டது. ஓடுகின்றவன் அடி வருந்திசையைப் பார்த்துக்கொண்டு ஓடுகின்றான். எறிகின்றவனோ தூரத்தைப் பார்த்தபடி, கையைத் தூக்கியபடி, விலாவைத் திறந்தபடி நிற்கின்றான்.

அவனுக்குப் பெயர் குவாட்டர்பாக். பெயர்க்காரணம் கேட்டேன், மருமகனுக்குத் தெரியவில்லை. தேடிப் பார்த்தோம். முற்காலத்தில் முன்வரிசைக்குப் பின்னே நின்றவர்களை, நின்ற தூரத்தைக் கொண்டு, கால் என்றும் அரை என்றும் முழு என்றும் வழங்கினார்களாம். கால் தூரத்தில் நின்றவன் குவாட்டர்பாக். இன்று அவன் பெரும்பாலும் வரிசைக்கு ஐந்து யார் பின்னே நின்றே பந்தை வாங்குகின்றான். பெயர் மட்டும் காலாகவே இருக்கின்றது. நான் அவனை எறிவோன் என்கின்றேன்.

முன்வரிசையின் நடுவிலே ஐவர். நட்டநடுவே சென்ரர், அவனுக்கு இருமருங்கும் கார்ட் இருவர், அவர்க்கப்பால் ரக்கிள் இருவர். சாதாரணமாக இந்த ஐவருக்கு எறிபந்தை ஏற்கும் உரிமை இல்லை. எறியும்போது காத்தலே இவர்கள் கடன். பதினொருவரில் எறிவோன் ஒருவன், இந்த ஐவர் இவர்களைக் கழித்தால் மிஞ்சுவோர் ஐவர். மிஞ்சிய ஐவர் என்ன செய்கின்றார்கள்? விஷயம் முழுதும் இந்தக் கேள்வியில் அடங்கியிருக்கின்றது.

ஐவரையும் முன்னே ஓடவிட்டால் எறிவோனுக்கு ஐந்து இலக்கு உண்டு. ஆனால் வீட்டிலே காவலர் ஐவரே. மாற்றார் அறுவரை ஏவினால் ஒருவன் தடுப்பாரின்றி வருவான். இது கணக்கு, இதில் வீரத்துக்கு வேலை இல்லை. மூவரை நிறுத்திவைத்தாலோ காவலர் எண்மர், அரண் திண்ணிது. ஓடுவோர் இருவர்தாம். அந்த இருவரையும் மாற்றார் பலர் சூழ்ந்துகொள்வர், எறிய இடமிராது. முன்னே போகின்ற ஒவ்வொருவனும் வீட்டிலிருந்து எடுத்த காவலன். போர்வை கட்டை, தலைக்கு இழுத்தாற் கால் தெரிகின்றது.

இனி நேரக் கணக்கு. பந்தை வாங்கிய எறிவோன் பின்னோக்கி அடிவைத்து, நின்று, எறிகின்றான். மூன்றடி, ஐந்தடி, ஏழடி என்று அதற்கு அளவு வகுத்திருக்கின்றார்கள். மூன்றடிக்குரிய எறி குறுகியது. ஏற்பவன் ஐந்தாறு யார் ஓடித் திரும்புமுன்பே பந்து புறப்பட்டுவிடும். இரண்டு விநாடி செல்வதில்லை. ஏழடிக்குரிய எறி நெடியது. ஏற்பவன் இருபது யார் ஓடி வளையவேண்டும். மூன்று விநாடி போய்விடும். சிலபோது அதற்கு மேலும். எறிவோன் தொடக்கத்திலேயே பின்தள்ளி நிற்கும் இக்கால நிலையில் அடிகள் குறைகின்றன. விநாடி குறைவதில்லை, ஏற்பவன் ஓடித்தானே ஆகவேண்டும்.

யாப்பிலே முச்சீரான் வருவது சிந்தடி. ஐஞ்சீரான் வருவது நெடிலடி. அதனின் மிக்கது கழிநெடிலடி. இங்கேயும் அப்பெயர்களையே வைக்கலாமே என்றேன். மருமகன் சிரித்தான். மறுநாள் அவனே, "இது கழிநெடிலடி, மாமா," என்று ஒரு படத்தைக் காட்டினான்.

என் தங்கைக்கு விளங்காதிருந்ததும், எனக்கு மெல்ல விளங்கியதும் ஒன்றே. காவலன் தன் வலிமையாற் காக்கின்றான், மெய். ஆனால் எத்தனை விநாடி காக்கவேண்டும் என்பதை அவன் தீர்மானிப்பதில்லை. ஆட்டத்தை வகுப்பவர் தீர்மானிக்கின்றார். பின் எறிவோன் தீர்மானிக்கின்றான். மூன்றடிக்குப் போதுமான அரண் ஏழடிக்கு மதில் இடிந்த கோட்டை. ஆட்களும் அவர்களே, பலமும் அதுவே.

காவல் உடைந்து எறிவோன் பந்தோடு வீழ்த்தப்பட்டால் அதனைச் சாக் என்பர். ஊரைக் கொள்ளையிட்டு அழித்தற்கு ஆங்கிலத்தில் வழங்குஞ் சொல் அது. டீக்கன் ஜோன்ஸ் என்ற பெருவீரர் அதனை இங்கே வழங்கச் செய்தார் என்பர். 1982 தொடக்கம் ஆளாளுக்கு அதைக் கணக்கெழுதுகின்றார்கள். வீழ்த்தியவன் பேரிலும் வீழ்ந்தவன் பேரிலும் எழுதுகின்றார்கள். பந்து எத்தனை விநாடி கையில் இருந்தது என்பது அந்தக் கணக்கில் வருவதில்லை.

மருமகன் நாலைந்து முறை போட்டுக் காட்டிய படம் ஒன்று உண்டு. அதைக் கடைசிவரை பார்க்க என்னால் இயலவில்லை. 1985 நவம்பர் 18ஆந் திகதி, திங்கட்கிழமை இரவு, வொஷிங்ரன் நகரம். வொஷிங்ரன் அணியின் எறிவோன் ஜோ தைஸ்மன், வயசு 36. எதிரணி நியூ யோர்க் ஜயன்ற்ஸ். அதிலே லோறன்ஸ் ரெய்லர். அக்காலத்தில் எறிவோரைத் துரத்துவதில் அவருக்கு இணையில்லை. அன்று வொஷிங்ரன் வகுத்தது ஒரு தந்திரம். தைஸ்மன் பந்தை ஜோன் றிகின்ஸ் கையிற் கொடுத்தார். றிகின்ஸ் ஓடுகின்றவர் போல வரிசையை நோக்கிச் சென்று, சட்டென்று திரும்பி, பந்தைத் தைஸ்மனிடமே எறிந்தார். ஓட்டம் என்று நம்பி மாற்றார் முன்னே நெருங்குவர், பின்புறம் வெறிதாகும், அங்கே நெடிய எறி. எண்ணம் இதுதான். மாற்றார் நம்பவில்லை. பந்து போய்த் திரும்பிவந்த நேரம் வீண் நேரமாயிற்று. தைஸ்மன் தூரத்தே பார்க்கின்றார், எறிய ஆளில்லை. முன்னே வந்த ஒருவருக்குத் தப்பி ஓர் அடி எடுத்துவைத்தார். ரெய்லர் பாய்ந்தார். வலக்காலின் கீழெலும்புகள் இரண்டும் முறிந்தன. ரெய்லர் துள்ளியெழுந்து, தலையைக் கையாற் பிடித்து, உதவிக்கு ஆட்களைக் கைகாட்டி அழைத்தார். படத்திலே நான் பார்க்கக்கூடியது அந்த இடம் ஒன்றுதான். தைஸ்மன் பின்னர் ஆடவேயில்லை.

இந்த நிகழ்ச்சியை முதலில் வைத்தே மைக்கல் லூயிஸ் என்பார் 2006இல் ஒரு நூல் செய்தார். வலக்கையாளன் எறியத் திரும்பி நிற்கும்போது இடப்பக்கம் முதுகுப்பக்கமாகிவிடும். அங்கே வருபவனை அவன் காணான். ஆகவே இடப்பக்க ரக்கிளே அவன் உயிர்க்காவல் என்பது அந்நூலிற் பேசப்படும் பொருள்களுள் ஒன்று. உண்மைதான். 1993இல் வீரர் அணி மாறும் உரிமை விரிந்தபின் இடப்பக்க ரக்கிளுக்குக் கொட்டிக் கொடுத்தார்கள். என் தங்கையும் அந்நூலை வாசியாமலே அக்கட்சியிற் சேர்ந்திருந்தாள். ஆயினும் அந்த இரவின் படத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு வேறொன்று தோன்றியது. பந்து ஒரு கைமாறி மறுகை வந்த அந்த நேரத்துக்கு எந்த ரக்கிள் பொறுப்பு?

மறுபக்கத்தைப் பார்ப்போம். 1969இலே சின்சினாட்டி அணியில் கிறெக் குக் என்ற இளைஞர் எறிவோனாக இருந்தார். நெடுந்தூரம் எறியவல்ல கை. அந்த ஆண்டே தோளிற் காயம்பட்டார். அடுத்த ஆண்டு அவரிடத்துக்கு வந்தவர் வேர்ஜில் காட்டர். கூரிய அறிவு, குறைந்த கைவலி. அணியின் துணைப் பயிற்சியாளர் பில் வோல்ஷ், இருக்கிற கைக்கு ஏற்ப ஆட்டத்தை மாற்றினார். நெடுக எறிவதை விட்டுக் குறுக எறிதல். ஆழத்தை விட்டு அகலத்தைப் பயன்படுத்தல். எறிவோன் அடி வைக்கின்ற எண்ணும், ஏற்பவன் ஓடுகின்ற அளவும் ஒன்றோடொன்று சந்தம் பொருந்தவேண்டும். 1971இலே எறிந்த பந்துகளுள் ஏற்கப்பட்டவற்றின் வீதத்தில் காட்டரே முதல்வர். இந்த முறையை வோல்ஷ் பின்பு சான் பிரான்சிஸ்கோவுக்குக் கொண்டுபோனார். அங்கே ஜோ மொன்ரானா அதற்குக் கருவியானார். வறுமையிற் பிறந்த உபாயம் செல்வமாகிவிட்டது. நல்ல வெண்பாக்கள் சிலவும் இப்படி நெருக்கடியிற் பிறந்தவைதாம்.

ஆனால் வோல்ஷ் குறுகிய எறியை மட்டும் நம்பியிருந்தவரல்லர். 1982 ஜனவரி 3ஆந் திகதி, ஜயன்ற்ஸ் அணியோடு ஆடவேண்டியிருந்தது. ரெய்லர் அப்பொழுது முதல் ஆண்டு வீரர். அவரைத் தடுக்க ஓட்டக்காரன் ஒருவனை விடுவது அக்கால வழக்கம். அவன் சிறியவன், பறந்துபோவான். வோல்ஷ் ஜோன் ஏயர்ஸ் என்ற கார்ட்டை நடுவிடத்திலிருந்து பின்னிழுத்து ரெய்லருக்கு எதிரே அனுப்பினார். 38க்கு 24 என்று சான் பிரான்சிஸ்கோ வென்றது. குறுக எறிந்தாலும் யாரைக் கண்டு அஞ்சவேண்டும் என்பதை அறிந்திருக்கவேண்டும்.

விரைந்து எறிதலுக்கு உரைகல் கேட்டால் மயாமியின் டான் மரினோவைச் சொல்வேன். அவர் ஓட்டத்திற் சிறந்தவரல்லர். மாற்றார் தீண்டுமுன் பந்து கையை விட்டுவிடும். 1988இல் அவர் 606 முறை எறிந்தார். அந்த ஆண்டு முழுதும் 6 முறையே வீழ்த்தப்பட்டார். இதற்கு எதிர்க்கோடி ஹூஸ்ரனின் டேவிட் கார். 2002இல், அணிக்கும் அவருக்கும் அது முதல் ஆண்டு, 76 முறை வீழ்த்தப்பட்டார். அதை மிஞ்சிய கணக்கு இன்னும் எழுதப்படவில்லை. ஹூஸ்ரனின் வரிசை புதிது, பலவீனம், அதை மறுப்பாரில்லை. ஆனால் எழுபத்தாறும் வரிசையின் கணக்கிலே எழுதத்தக்கன அல்ல என்று மருமகன் சொன்னான். இரண்டு நாள் அதைப்பற்றி வாதாடினோம். ஈற்றில் நான் ஒப்புக்கொண்டேன்.

எறிவோரின் உபாயத்துக்கு மாற்றார் மறு உபாயம் தேடாதிருப்பார்களா? வழக்கமான தொகைக்கு மேல் ஆட்களை ஏவுவதைப் பிளிற்ஸ் என்பர். ஆள் மிகுதியாக வந்தால் அவர்கள் விட்டுவந்த இடம் வெறிதாகும். ஏற்பவன் ஒருவன் அந்த வெற்றிடத்துக்கு உடனே திரும்பவேண்டும், எறிவோன் உடனே எறியவேண்டும். இஃது எறிவோர் கண்ட விடை. டிக் லெபோ என்ற பயிற்சியாளர் அந்த விடையையே கண்ணியாக்கினார். பக்கத்திலிருந்து இருவர் பாய்ந்து வருவர். நடுவிலே முட்ட வேண்டிய பேருடலன் ஒருவன் முட்டாமற் பின்வாங்கி, அந்த வெற்றிடத்திலே போய் நிற்பான். எறிவோன் வெறிது என்றெண்ணி எறிந்த பந்து அவன் கையில் விழும். இதனை 1980களில் வளர்த்த ஊரும் சின்சினாட்டியே. குறுகிய எறி பிறந்த ஊரிலேயே அதற்கு நஞ்சும் பிறந்தது.

ஸ்கிறீன் என்று ஓர் எறி உண்டு. எனக்குப் பிடித்தது அதுதான். காவலர் சற்று முட்டிவிட்டு, தோற்றவர் போல வழிவிடுவர். மாற்றார் ஆர்ப்பரித்து உள்ளே புகுவர். புகுந்தவர் தலைக்கு மேலாக, பக்கத்தே பதுங்கி நிற்கும் ஓட்டக்காரனிடம் பந்து போகும். வழிவிட்ட காவலர் அவனுக்கு முன்னே படையாகச் செல்வர். கோட்டைக் கதவைத் தாமே திறந்துவிட்டுப் பகைவரை உள்ளே வைத்துப் பூட்டுவது போன்றது. இரண்டு முறை இப்படி ஏமாந்தவர்கள் மூன்றாம் முறை கண்மூடிப் பாயமாட்டார்கள். அந்தத் தயக்கமும் எறிவோனுக்கு ஒரு காவல்.

அப்படியானால் உபாயம் இருந்தால் அரண் வேண்டாமா? வேண்டும். 2021 பெப்ரவரியில் நடந்த சுப்பர் போல் இறுதியாட்டத்தில் கன்சஸ் சிற்றி அணி, வழக்கமான ரக்கிள் இருவரையும் காயத்தால் இழந்திருந்தது. எறிவோன் பற்றிக் மஹோம்ஸ். இக்காலத்தில் அவருக்கு நிகரானோர் சிலரே. எதிர்த்த தம்பா பே அணி ஆட்களை மிகுதியாக ஏவவில்லை. நால்வரை ஏவிற்று, மற்றையோரைப் பின்னே பரப்பி நெடிய எறிகளை அடைத்தது. மஹோம்ஸ் இரவு முழுதும் பின்னே பின்னே ஓடிக்கொண்டிருந்தார். 31க்கு 9 தோல்வி. 2025 பெப்ரவரியில் பிலடெல்பியா அணியும் அவரை அவ்வாறே அடக்கியது. பிளிற்ஸ் இன்றியே 6 முறை வீழ்த்தினார்கள், 40க்கு 22. நால்வரே காவலை உடைக்க வல்லவராயின் எழுவர் பின்னே நிற்பர். அப்பொழுது சிந்தடிக்கும் இடமில்லை, கழிநெடிலடிக்கும் இடமில்லை. என் கொள்கைக்கு எல்லை அங்கே இருக்கின்றது என்பதை மறையாமற் சொல்லிவிடுகின்றேன்.

மருமகனுக்கு நேர்ந்தது இத்தகையதன்று. பயிற்சியாளர் கொடுத்தது ஐந்தடி ஆட்டம். மாற்றார் அறுவர் வந்தனர். இடப்பக்கத்து ரக்கிளாகிய சிநேகிதன் தனக்குரியவனைப் பிடித்துக்கொண்டான். ஒருவன் மிகை. அவன் வந்த வழியிலே ஏற்பவன் ஒருவன் திரும்பி, ஆறு யார் தூரத்தில், கையை உயர்த்தி நின்றான். மருமகன் அவனைக் கண்டான். கண்டும் எறியவில்லை. வலப்பக்கத்திலே நெடுக ஓடிக்கொண்டிருந்தவன் இன்னும் ஒரு விநாடியில் தனித்துவிடுவான் என்று பார்த்து நின்றான். அதற்குள் மிகை ஆளும் வந்தான். சிநேகிதன் பிடித்திருந்தவனும் நழுவி வந்தான். வெளியே இருந்து பார்த்தவர்களுக்குத் தெரிந்தது இரண்டாமவன்தான். தங்கையும் அவனைத்தான் கண்டாள்.

இதையெல்லாம் மருமகன் சமையலறை மேசையிலே வட்டமும் கோடுமாக வரைந்து தாய்க்கும் காட்டினான். அவள் ஒன்றும் சொல்லவில்லை. கடதாசியை நெடுநேரம் பார்த்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை சிநேகிதனைச் சாப்பிட அழைத்துவரச் சொன்னாள்.

வந்தான். கதவை அடைத்து நிற்கும் உருவம். கதிரையின் நுனியில் இருந்தான். காயம்பட்ட நாள் தொடக்கம் அவன் இந்த வீட்டுப்பக்கம் வரவில்லை என்று பின்னர் அறிந்தேன். கோப்பையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. தங்கை இடியப்பத்தை வைத்தாள், சொதியை விட்டாள். அவன் முடிக்குமுன் மறுபடி வைத்தாள். மூன்றாந்தரம் வைக்கும்போது ஆங்கிலத்திலே கேட்டாள்: நல்ல பலசாலி ஒருவன் எதிரே வந்தால் எவ்வளவு நேரம் உன்னால் தடுத்து வைக்கமுடியும்?

அவன் முதன்முறையாக நிமிர்ந்தான். யோசித்தான். மூன்று விநாடி என்றான். பிறகு, உண்மை பேச எண்ணியவன் போல, அதிலும் சற்றுக் குறைவு என்றான்.

தங்கை சொதிப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு மகன் பக்கம் திரும்பினாள்.

"மூண்டு விநாடியும் இல்லையாம். கேட்டியோ?"